முரசைப் பறித்த பின்னும்

நம் இளையோர் முகாம்களில் இரவில் தீ மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து, கித்தார் இசைக்க 'கும்பயா' பாடியவர் நம்மிடையே பலர் உண்டு. பாடுவதற்கு எளிய பாடல். ஒருவர் எடுத்துக் கொடுத்தால் கூட்டம் தானே சேர்ந்துகொள்ளும். அச்சொல்லின் பொருள் யாதெனக் கேட்டால், ஏதோ ஓர் ஆப்பிரிக்க மொழிச் சொல் என்று விடை வரும். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை வேறு. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்திலும் அதை அடுத்த தீவுகளிலும் வாழும் கல்லா-கீச்சி எனப்படும் கறுப்பின மக்கள், 'இவ்வழி வாரும்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தம் நாவில் உருட்டியெடுத்த வடிவமே அது. இப்பாடலின் மிகப் பழைய ஒலிப்பதிவு, 1926ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் இராபர்ட் கார்டன் என்பவர் மெழுகு உருளையில் பதிவு செய்தது. பின்னர், 1928இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் நாட்டுப்பாடல் காப்பகத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

ஆக, சொல் ஆங்கிலம்; அழைக்கப்படுபவர் விவிலியம் காட்டும் ஆண்டவர். அப்படியானால் இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? அப்பாடலைப் பாடும் முறையில் இருக்கிறது. ஒருவர் முன்னின்று பாட, கூட்டம் ஏற்றுப் பாடுவது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றி, வேண்டுதலை வளர்த்துக்கொண்டே போவது. பாடுகிறவர், கேட்கிறவர் என்ற பிரிவே இல்லாமல் அனைவரும் கைதட்டலாலும் காலடியாலும் பாடலுக்குள் வந்துவிடுவது. இவை கப்பலேறி வந்தவை. சட்டைத்துணி கூட இல்லாமல் சங்கிலியில் வந்தவர்கள் வேறு எதைத்தான் கொண்டுவந்திருக்க முடியும்?

அந்தக் கப்பல்களின் கணக்கை நாம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலத்தில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடல்வழியே ஏற்றப்பட்டவர் சுமார் 1 கோடியே 25 இலட்சம் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர் சுமார் 1 கோடியே 7 இலட்சம் பேர். இவர்களுள் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பகுதிக்கு நேரே கொண்டுவரப்பட்டவர் 4 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பெரும்பான்மையோர் பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் சென்றனர். அந்த 4 இலட்சத்தின் வழிவந்தோர் 1860இல் ஏறக்குறைய 40 இலட்சம் அடிமைகளாகப் பெருகியிருந்தனர். உலகம் இன்று கேட்கும் மெல்லிசையில் பெரும்பகுதி இந்தச் சிறுபான்மையின் வழியாகவே வந்தது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

முரசின் கதையை முதலில் சொல்ல வேண்டும். 1739ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் சுமார் இருபது அடிமைகள் கூடினர். ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, கொடி பிடித்து, முரசறைந்து தெற்கு நோக்கி நடந்தனர். முரசொலி கேட்டு வழியெங்கும் ஆட்கள் சேர, கூட்டம் நூறை நெருங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டனர். அன்று பிற்பகலே ஆயுதப்படை வந்து கலகத்தை நசுக்கியது. கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர்.

தெற்கே அவர்கள் எங்கே போக நினைத்தார்கள் என்பது நம்மைப் போன்றோர் அறியவேண்டிய செய்தி. ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவுக்கு. அங்கு வந்து கத்தோலிக்க மறையைத் தழுவும் ஆங்கிலேயரின் அடிமைகளுக்கு விடுதலை தரப்படும் என்று ஸ்பானிய அரசு அறிவித்திருந்தது. அவ்வாறு வந்தோருக்காக 1738இல் புனித அகுஸ்தீன் நகருக்கு அருகே ஒரு கோட்டைக் குடியிருப்பே அமைக்கப்பட்டது. இது இரக்கத்தால் மட்டும் பிறந்த ஆணை என்று நாம் மயங்க வேண்டியதில்லை. எதிரியின் குடியேற்றத்தைப் பலவீனப்படுத்தும் அரசியல் அதில் இருந்தது. ஸ்பானியரும் அடிமைகளை வைத்திருந்தவர்களே. ஆயினும் ஸ்டோனோவில் எழுந்தவர்களுக்குக் கத்தோலிக்க மறை புதியதாய் இருந்திருக்காது. அவர்களுள் பலர் காங்கோ, அங்கோலா பகுதியினர் என்றும், அப்பகுதியிலிருந்து வந்த அடிமைகளுள் போர்த்துக்கீசியம் பேசும் கத்தோலிக்கர் பலர் இருந்தனர் என்றும் அக்காலத்து வெள்ளையர் எழுதிய குறிப்பே கூறுகிறது. காங்கோ அரசன் திருமுழுக்குப் பெற்றது 1491இல். அரச குடும்பத்து இளவல் ஹென்றிக் 1518இல் ஆயராகவே நியமிக்கப்பட்டார். நம் நாட்டுக் கடற்கரையில் புனித சவேரியார் கால் வைப்பதற்கு முன்பே அங்கு ஓர் அரசு சிலுவையை ஏந்தியிருந்தது. அந்த நாட்டின் மக்களைத்தான் கிறிஸ்தவ வணிகர் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர்.

கலகம் அடங்கியதும் 1740இல் தென் கரோலினா ஒரு சட்டம் இயற்றியது. அடிமைகள் முரசு, கொம்பு முதலிய உரத்த ஒலிக்கருவிகளை வைத்திருக்கலாகாது, இசைக்கலாகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் முரசு வெறும் தாளக்கருவியன்று. பேச்சின் ஏற்ற இறக்கங்களை ஒலித்துச் செய்தி சொல்லும் முரசுகள் அங்கு உண்டு. ஆண்டைகள் அதைப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் இனத்தின் வாயை அடைக்க வேண்டுமானால் அதன் முரசை எடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டது பிழையில்லை. முரசைப் பறித்தால் தாளமும் போய்விடும் என்று எண்ணியதே பிழை.

தாளம் உடம்புக்குள் புகுந்தது. தொடையிலும் மார்பிலும் தோளிலும் கை மாறி மாறி அடித்து எழுப்பும் 'ஜூபா' என்ற முறை வளர்ந்தது. மரத்தளத்தில் குதிகால்களால் முரசறைந்தனர். துடைப்பக் கம்பும் தரையில் தாளமிட்டது. வேலை முடிந்த இரவுகளில், செபக்கூட்டம் கலைந்தபின், இருக்கைகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக இடஞ்சுற்றிச் சுழன்று பாடும் வழிபாடு ஒன்றும் உருவாயிற்று. ஆப்பிரிக்கச் சடங்கு நடனத்தின் நேர் வாரிசு அது. ஆனால், நடனம் பாவம் என்று போதகர்கள் கற்பித்திருந்தார்கள். எனவே ஒரு விதி செய்துகொண்டனர்: பாதம் ஒன்றையொன்று குறுக்கிடக்கூடாது, தரையைவிட்டு உயர எழும்பவும் கூடாது; குறுக்கிட்டால்தான் அது நடனம். காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அவர்கள் நகர்ந்தார்கள். தீர்ப்பு வழங்குகிறவரின் விதியை மீறாமலே தம் முன்னோரின் வழிபாட்டைக் காத்துக்கொண்ட இந்தச் சாதுரியத்தை நினைத்துப் புன்னகை செய்யாமலிருக்க நம்மால் இயலவில்லை. ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் வட்டாரத்தில் இவ்வழிபாட்டை வழிவழியாகக் காத்து வந்திருக்கிறார்கள்.

முரசு மௌனமாகாத ஓர் ஊர் இருந்தது. அது நியூ ஆர்லியன்ஸ். பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் லூயிசியானாவுக்கென 1724இல் வகுக்கப்பட்ட 'கறுப்புச் சட்டம்', அடிமைகளுக்குக் கத்தோலிக்க மறையைக் கற்பித்துத் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்றும், ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் அவர்களை வேலை வாங்கக்கூடாது என்றும் விதித்தது. அதே சட்டம், தப்பியோடியவனின் காதை அறுத்துத் தோளில் சூடுபோடவும் சொன்னது. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. ஒன்றை மட்டும் படித்துவிட்டு நாம் பெருமை கொள்ள முடியாது. எனினும் அந்த ஞாயிறு ஓய்வு ஒரு கதவைத் திறந்தது. ஊருக்குப் பின்புறமிருந்த திடலில் அடிமைகள் கூடினர், சந்தை வைத்தனர், ஆடினர், முரசறைந்தனர். 1817இல் நகராட்சி, இத்தகைய கூட்டங்கள் ஞாயிறன்று மேயர் குறிக்கும் ஓர் இடத்தில் மட்டுமே நடக்கலாம் என்று வரையறுத்தது. அவ்விடமே காங்கோ சதுக்கம்.

1819இல் அங்கே சென்று பார்த்தவர்களுள் ஒருவர் பெஞ்சமின் லாட்ரோப். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலும், அந்நாட்டின் முதல் கத்தோலிக்கப் பேராலயமான பால்டிமோர் ஆலயத்திலும் பணியாற்றிய கட்டடக் கலைஞர் அவர். மரத்தளத்தில் குதிரைகள் மிதிப்பது போன்ற ஓர் ஒலி கேட்டு, அருகே சென்றார். ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாகக் கூடியிருக்க, நடுவே முரசுகளும் சுரைக்குடுவையில் செய்த ஒரு நரம்புக்கருவியும் ஒலித்தன. அக்கருவியின் உச்சியில் மனித உருவம் செதுக்கப்பட்டிருந்தது. அதை அவர் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். அந்த இசை அவருக்குப் பிடிக்கவில்லை. காட்டுத்தனமானது என்றே எழுதினார். ஆனால் கை நேர்மையாக வரைந்தது. அவருடைய வெறுப்பு மறக்கப்பட்டது. அவர் வரைந்த படங்கள் இன்று ஆய்வாளர்களுக்குச் செல்வம்.

அந்தச் சுரைக்குடுவைக் கருவியின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. செனகல், காம்பியா பகுதிகளில் ஜோலா மக்கள் இசைக்கும் 'அகோண்டிங்' போன்ற கருவிகளின் வழித்தோன்றலே அமெரிக்காவின் பேஞ்சோ. அடிமைகள் இதை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தனர் என்று தாமஸ் ஜெஃபர்சனே தம் நூலில் எழுதியிருக்கிறார். 1830களுக்குப் பிறகு அதை வெள்ளையர் கற்றனர். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் அது இடம்பெற்றது. அந்நிகழ்ச்சிகள்தாம் அமெரிக்கா முழுவதையும் ஆண்ட முதல் வெகுமக்கள் கேளிக்கை. அவற்றுள் புகழ்பெற்ற ஒரு கோமாளிப் பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. பிற்காலத்தில் கறுப்பின மக்களைப் பேருந்திலும் பள்ளியிலும் கோயிலிலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு அப்பெயரே வழங்கியது. இன்று பேஞ்சோ என்றதும் மலைநாட்டு வெள்ளை விவசாயியின் உருவமே பலர் நினைவுக்கு வருகிறது. இசையை எடுத்துக்கொண்டு, அதைப் படைத்தவனின் பெயரை அழித்து, அவன் முகத்தையும் பரிகாசத்துக்கு உரியதாக்குவது என்ற வழக்கம் இங்கே தொடங்குகிறது. பின்னர் அது பலமுறை நிகழப் போகிறது.

இனி, ஆன்மிகப் பாடல்கள். எகிப்தின் அடிமைத்தளை, மோசே, செங்கடல், யோர்தான் ஆறு, சிங்கக்குகையில் தானியேல்: இவையே அப்பாடல்களின் உலகம். அடிமைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே தென் மாநிலங்கள் பலவற்றில் குற்றமாயிருந்தது. ஆண்டைகளின் போதகர் அவர்களுக்குச் சொன்ன நற்செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: தலைவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள். அவர்கள் காதுவழி கேட்ட விவிலியத்திலிருந்து தாங்களே வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலைப் பயணத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்பாடல்களைக் கேட்டு, 'அடிமைகள் மகிழ்ச்சியாய் இருக்கிறார்கள்' என்று வடபுலத்தார் சொல்லக் கேட்டுத் தாம் திகைத்ததாக, தப்பி வந்து எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதினார். துயரம் மிகும்போதே அவர்கள் மிகுதியாகப் பாடினர் என்பது அவர் சாட்சியம்.

ஒவ்வொரு பாடலும் தப்பியோடும் வழியைக் காட்டும் மறைமொழி என்று இக்காலத்தில் பலர் எழுதுகின்றனர். ஹேரியட் டப்மன் பாடலைச் சைகையாகப் பயன்படுத்தியதை அவரது வரலாற்றை எழுதியவர் 1869இல் பதிவு செய்துள்ளார், அது உண்மை. ஆனால் எல்லாப் பாடல்களையும் வரைபடங்களாக்கிவிடுவதற்குப் போதிய சான்று இல்லை. அப்படிச் செய்வது அப்பாடல்களைச் சிறுமைப்படுத்துவதும் ஆகும் என்பது நம் கருத்து. அவர்கள் உண்மையாகவே செபித்துக்கொண்டிருந்தார்கள். யோர்தான் என்று பாடியபோது ஒஹையோ ஆறும் அவர்கள் மனத்தில் இருந்திருக்கலாம்; மரணமும் இருந்தது; விண்ணகமும் இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ள வேண்டியதில்லை.

அதுபோலவே, இவை யாவும் ஆப்பிரிக்காவிலிருந்து அப்படியே இறங்கியவை என்று சொல்வதும் முறையன்று. ஐசக் வாட்ஸ் இயற்றிய ஆங்கிலப் பாடல்களை அவர்கள் விரும்பிப் பாடினார்கள். ஐரோப்பியப் பல்குரல் இசைவைக் கற்றார்கள். கித்தாரும் பியானோவும் எக்காளமும் ஐரோப்பாவின் கொடை. ஆனால் அக்கருவிகளைப் பேசவைத்த விதம் அவர்களுடையது. சுரத்தின் மேல் நேராய் நில்லாமல் அதை வளைத்தும் இழைத்தும் பாடுவது – நம் இசையில் கமகம் என்போமே, அதற்கு உறவான ஒன்று – ஐரோப்பியரின் ஐந்து கோட்டு ஏட்டில் அடங்கவில்லை. 1867இல் வெளிவந்த 'அமெரிக்க அடிமைப் பாடல்கள்' என்ற முதல் தொகுப்பின் பதிப்பாசிரியர்கள், தாங்கள் கேட்டதைத் தாளில் எழுத முடியவில்லை என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டனர். நேர்மையான முன்னுரை அது.

விடுதலைக்குப் பின் இப்பாடல்களை உலகுக்கு எடுத்துச் சென்றவர்கள் ஒன்பது இளைஞர்கள். நாஷ்வில் நகரில் விடுதலை பெற்றோருக்காக 1866இல் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்லூரி, ஐந்தே ஆண்டுகளில் மூடப்படும் நிலைக்கு வந்தது. பொருளாளராகவும் இசையாசிரியராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட், மாணவ மாணவியரைக் கொண்டு ஒரு பாடற்குழு அமைத்து, 1871 அக்டோபர் 6ஆம் நாள் நிதி திரட்டப் புறப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். வழியில் சிக்காகோ நகரம் தீக்கிரையானதைக் கேள்விப்பட்டனர். தங்களுக்குக் கிடைத்திருந்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையை, தங்களிடம் வேறு பணமில்லாத நிலையிலும், அந்நகர மக்களின் துயர்நீக்க அப்படியே கொடுத்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் அவர்கள் மேடையில் பாடியவை ஐரோப்பியப் பாடல்கள். அடிமைக் காலப் பாடல்களைப் பிறர்முன் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவை தங்கள் பெற்றோர் மறைவிடங்களில் கண்ணீரோடு செபித்தவை, புனிதமானவை, போதாக்குறைக்கு, கரிபூசிய கோமாளிகள் அவற்றின் சாயலை ஏற்கெனவே கேலிப்பொருளாக்கியிருந்தனர். இதைக் குழுவின் பியானோக் கலைஞர் எல்லா ஷெப்பர்டு பின்னாளில் எழுதிவைத்தார். நவம்பரில் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் நகரில், போதகர்கள் கூடிய ஒரு பேரவையில், மெல்லிய குரலில் அப்பாடல்களுள் ஒன்றைத் தொடங்கினார்கள். பேச்சொலி அடங்கியது. அதன்பின் அவர்கள் பாடவேண்டியது எது என்பதில் ஐயமிருக்கவில்லை. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கூறும் விடுதலையின் யூபிலி ஆண்டை நினைந்து ஒயிட் அவர்களுக்கு 'யூபிலிப் பாடகர்' எனப் பெயரிட்டார். விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுத்தன. அதே அவர்கள் 1872இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னும், 1873இல் விக்டோரியா அரசியார் முன்னும் பாடினர். ஈட்டிய பணத்தில் எழுந்த 'யூபிலி மண்டபம்' நாஷ்வில்லில் இன்றும் நிற்கிறது. அக்கல்லூரியில் பின்னாளில் பயின்ற டுபாய்ஸ், அம்மண்டபம் அப்பாடல்களாலேயே கட்டப்பட்டதாகத் தமக்குத் தோன்றியதை 1903இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

செக் நாட்டு இசைமேதையும் கத்தோலிக்கருமான டிவோர்ஷாக், 1892இல் நியூயார்க் தேசிய இசைக்கல்லூரியின் இயக்குநராக வந்தார். அங்கு பயின்ற ஹாரி பர்லி என்ற கறுப்பின மாணவர், அடிமையாயிருந்து பார்வை இழந்த தம் பாட்டனாரிடம் கற்ற பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டுவார். அமெரிக்காவின் எதிர்கால இசை இம்மக்களின் மெட்டுகள்மீதே எழுப்பப்பட வேண்டும் என்று 1893இல் டிவோர்ஷாக் வெளிப்படையாகச் சொன்னபோது அறிஞர் பலர் முகம் சுளித்தனர். அவர்கள் எதிர்பார்த்த சிம்பொனி மண்டபத்தில் அல்லாமல், தெருவிலும் மதுக்கடையிலும் இசைத்தட்டிலும் அவர் வாக்கு நிறைவேறியது.

நியூ ஆர்லியன்ஸில் அடக்க ஊர்வலங்களுக்கும் திருவிழாக்களுக்கும் முழங்கிய எக்காளக் குழுக்களிலிருந்து ஜாஸ் பிறந்தது. அதன் முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தபோது அதில் வாசித்தவர் அனைவரும் வெள்ளையர் என்பதை மேலே சொன்ன வழக்கத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம். ஜாஸின் மிகப் பெரிய பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். தாம் 1900 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில் பிறந்ததாக அவர் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தார். 1971இல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் இயேசுவின் திரு இருதய ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் உண்மை வெளிப்பட்டது: பிறந்தது 1901 ஆகஸ்டு 4, திருமுழுக்கு அதே மாதம் 25. இலத்தீனில் அமைந்த அப்பதிவு குழந்தையைக் 'கறுப்பன், முறைகேடாய்ப் பிறந்தவன்' என்று இரண்டே சொற்களில் குறித்திருக்கிறது. திருமுழுக்குத் தந்ததும் அந்தப் பேனாதான். இன்று காங்கோ சதுக்கம், ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் தாங்கிய பூங்காவுக்குள் இருக்கிறது.

மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியின் பருத்திக் காடுகளில் விளைந்தது புளூஸ். முதல் அடியைச் சொல்லி, அதையே மறுபடி சொல்லி, மூன்றாம் அடியில் விடை தரும் எளிய யாப்பு அதன் பொதுவடிவம். குரல் நின்ற இடத்தில் கித்தார் பதில் சொல்லும். கோயிலில் கூட்டம் தந்த பதிலை இங்கே தனியன் ஒருவன் தன் கருவியிடம் பெற்றுக்கொள்கிறான். 1920இல் மேமி ஸ்மித் பாடிய தட்டு பெருமளவில் விற்றபோதுதான், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. 'இனத் தட்டுகள்' என்ற தனிப்பெயரில் அவற்றை விற்றனர். அப்பெயர் 1949 வரை நிலைத்தது.

கோயிலார் புளூஸைச் சாத்தானின் இசை என்றனர். அந்தச் சுவரை இடித்தவர் தாமஸ் டார்சி. ஜார்ஜியா மாநிலத்துப் போதகர் ஒருவரின் மகன். இளமையில் புளூஸ் பியானோ வாசித்தவர். கொச்சையான பாடல்களும் எழுதிப் பணமும் பெயரும் ஈட்டியவர். பின்னர் மனம் திரும்பி, அதே புளூஸ் நடையில் ஆண்டவரைப் பாடத் தொடங்கியபோது சிக்காகோவின் கறுப்பினக் கோயில்களே அவரை வெளியே அனுப்பின. 1932 ஆகஸ்டில் அவர் செயின்ட் லூயி நகரில் ஒரு செபக்கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது: பேறுகாலத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். வீடு திரும்பிய அவர் கையில் குழந்தையைத் தந்தார்கள். அதுவும் உடனே இறந்தது. தாயையும் சேயையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார். இனிக் கடவுளுக்காகப் பாடுவதில்லை என்று முடிவு செய்தவர், சில நாள்கள் கழித்து ஒரு பியானோவின் முன் அமர்ந்தபோது, களைத்துப்போன தன் கையைப் பற்றிக்கொள்ளுமாறு ஆண்டவரை இறைஞ்சும் பாடல் பிறந்தது. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, சுடப்படுவதற்குச் சில நொடிகளுக்கு முன், அன்றிரவுக் கூட்டத்தில் இதை அழகாக வாசிக்குமாறுதான் மார்ட்டின் லூதர் கிங் ஓர் இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்டார். அவருடைய அடக்கத்தின்போது மஹேலியா ஜாக்சன் அதைப் பாடினார்.

இதன்பின் வந்தவை எல்லாரும் அறிந்தவை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப், கோயில் பாடலை மின்கித்தாரில் வாசித்து 1940களிலேயே ராக் இசைக்கு வழியமைத்தார். பிக் மாமா தார்ன்டன் 1953இல் பாடி வெளிவந்த பாடலை 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடி உலகப் புகழ் பெற்றார். தமக்கு அப்பாடலால் கிடைத்தது ஐந்நூறு டாலர் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார். 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த ஓர் இளைஞர் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றி, பாடலை விட்டுவிட்டு முரசொலி வரும் இடத்தை மட்டும் நீட்டினார். ஹிப்ஹாப் பிறந்தது அங்கே. 1740இல் தடை செய்யப்பட்டதும் அதே முரசொலிதான்.

நம் திருச்சபை இக்கதையில் எங்கே நின்றது? 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர், தங்கள் கல்லூரியான ஜார்ஜ்டவுனின் கடனைத் தீர்க்கவும் பிற தேவைகளுக்காகவும், தங்களிடமிருந்த அடிமைகள் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவின் தோட்ட முதலாளிகளிடம் விற்றனர். அவர்கள் அனைவரும் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள். 2017இல் அவர்களின் வழித்தோன்றல்கள்முன் இயேசு சபையினர் மன்னிப்புக் கேட்டனர். கறுப்பினக் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயிலின் பின்வரிசையில் அமர்ந்து, எல்லோரும் நற்கருணை பெற்றபின் பெற்றனர். தங்கள் முன்னோரின் பாடலை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே கதவு சற்றுத் திறந்தது. சின்சினாட்டி உயர்மறைமாவட்டக் குரு கிளாரன்ஸ் ரிவர்ஸ் எழுதிய பாடல் 1964இல் செயின்ட் லூயியில் நடந்த ஆங்கிலத் திருப்பலியில் ஒலித்தது. 1957இல் மறையில் சேர்ந்த ஜாஸ் பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸின் திருப்பலி இசை, 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் முழங்கியது.

1989 ஜூனில் அமெரிக்க ஆயர்கள் கூடியிருந்த அவையில் அருள்சகோதரி தியா போமன் பேச அழைக்கப்பட்டார். மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பெண்; பிரான்சிஸ்கன் துறவி. புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்ததால் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். பேச்சைத் தொடங்குவதற்குப் பதிலாக, தாயற்ற குழந்தையின் துயரைச் சொல்லும் பழைய அடிமைப் பாடலைப் பாடினார். கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பதன் பொருளை ஆயர்களுக்கு விளக்கினார். முடிவில் அவர்களை எழுந்து நின்று, கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு, உரிமைப் போராட்டத்தின் பாடலைத் தம்மோடு பாடச் செய்தார். சிலர் அசைந்து பாடினர். சிலர் கண்ணீர் சிந்தினர். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் இறந்தார். 2018இல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் ஆய்வு தொடங்கியது.

இன்னும் ஒரு செய்தி. 1930களில் லொரென்சோ டர்னர் என்ற கறுப்பின மொழியறிஞர், ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்ற கடற்கரை ஊரில் அமீலியா டாலி என்ற பெண் பாடிய ஒரு பாடலைப் பதிவு செய்தார். ஒரு சொல்கூட ஆங்கிலமில்லை. பாடியவருக்கும் பொருள் தெரியாது. தாய் கற்பித்தது, தாய்க்கு அவள் தாய். டர்னரிடம் கேட்ட ஒரு சியரா லியோன் மாணவர், அது தம் நாட்டின் மெண்டே மொழி என்று கண்டார். அரை நூற்றாண்டு கழிந்தபின் ஆய்வாளர் மூவர் அந்த ஒலிப்பதிவுடன் சியரா லியோனில் ஊர் ஊராகச் சென்றனர். செனெஹூன் ங்கோலா என்ற சிற்றூரில் ஒரு பெண் அதைக் கேட்டதும் தானும் சேர்ந்து பாடத் தொடங்கினார். இறந்தோரை அடக்கம் செய்யும்போது பெண்கள் பாடும் பாடல் அது. இதை மறவாமல் காத்துக்கொள், தொலைந்துபோன நம் உறவினர் திரும்பி வந்தால் இதனால்தான் அடையாளம் காண்பாய் என்று அவருடைய பாட்டி சொல்லியிருந்தாராம். உள்நாட்டுப் போர் அந்த ஊரையும் சிதைத்தது. 1997இல் அமீலியா டாலியின் மகள், முதுமையில், கடல் கடந்து அங்கே சென்றார். ஊர்ப் பெண்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டனர். அவர் தம் தாய் பாடியபடி பாடினார், அவர்களும் பாடினார்கள்.